கரண்ட் போன காலை

பேய் பிசாசெல்லாம் நம்புறவ நான் இல்லீங்க. பதினெட்டு வருசம் மனநல ஆஸ்பத்திரியில நர்சா இருந்தவ, யாருக்காச்சும் சாமி வந்துச்சுன்னா மொதல்ல நாடி புடிச்சுத்தான் பாப்பேன். நீங்க நம்புனாலும் சரி, நம்பாட்டியும் சரி, இது எங்கண்ணு முன்னால நடந்ததுங்க.

தொண்ணூறுகள்ல, கோயமுத்தூர்ல ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரி. தொண்டாமுத்தூர்ல இருந்து ராமாத்தாள்னு ஒரு அம்மாவை மகன் கூட்டிட்டு வந்தாரு, எழுவது வயசு. தான் செத்துப்போயிட்டதாவும், செத்தவளுக்கு எதுக்குச் சோறுன்னும் சொல்லிட்டிருந்தவங்க, அப்புறம் பேச்சையே நிறுத்திப்போட்டாங்க, ரெண்டு மாசமா ஒரு வார்த்தை இல்ல. மாத்திரை எதுவும் கேக்கல, எலும்பாப் போயிட்டாங்க, தலையில கரண்ட் வெச்சாத்தான், அதாங்க ஷாக் ட்ரீட்மெண்ட், பொழைப்பாங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. மகன் அழுதுட்டேதான் கையெழுத்துப் போட்டாரு.

காலையில எட்டு மணி இருக்கும். மயக்க ஊசி போட்டாச்சு. தசையைத் தளர்த்தற மருந்து ஒரு பாதத்துக்கு மட்டும் எறங்காம கணுக்கால்ல பட்டையை இறுக்கிக் கட்டிருப்போம், கரண்ட் வெச்சு வலிப்பு வந்தா அந்தப் பாதம் துடிக்கும், அதைப் பாத்துச் சொல்றது என் வேலை. டாக்டர் மிசினை இன்னும் நெத்திகிட்டக்கூடக் கொண்டு போகல, கரண்ட் போயிருச்சு. மிசின் லைட்டு அணைஞ்சுபோச்சு. அப்பத்தான் அந்தப் பாதம் துடிச்சுதுங்க. அரை நிமிசம் துடிச்சு, தானா அடங்குச்சு. டாக்டர் எம்மூஞ்சியப் பாக்கறாரு, நான் அவரு மூஞ்சியப் பாக்கறேன்.

கொஞ்ச நேரங்கழிச்சு ராமாத்தாள் கண்ணத் தொறந்தாங்க. நேரா என்னைப் பாத்து, "சின்னக்கண்ணு, தோளை விடு. நான் முழிச்சுட்டுத்தான் இருக்கறேன்"னாங்க.

நான் அவங்களைத் தொடவே இல்லீங்க, கால்மாட்டுல நிக்கறேன்.

என்னைச் சின்னக்கண்ணுன்னு கூப்பிட்டது ஒரே ஆளுதான். நான் வேலைக்குச் சேந்த புதுசுல, வேற ஆஸ்பத்திரியில, வால்பாறை எஸ்டேட்டு அம்மா ஒருத்தங்க. அங்க மயக்க ஊசி இல்லாமயே கரண்ட் வெச்சாங்க, தோளை அமுத்திப் புடிச்சவ நான். அன்னிக்கு அந்தம்மா சொன்னதும் இதே வார்த்தைதான். ராமாத்தாள் வர்றதுக்கு முன்னாலயே அவங்க எப்பவோ செத்துட்டாங்க. எங்க ஊட்டுக்காரர்கிட்டக்கூட நான் இதைச் சொன்னதில்லீங்க.

அப்புறம் அஞ்சாறு தடவை முறையா கரண்ட் வெச்சு, ராமாத்தாள் நல்லாவே தேறிட்டாங்க, சோறு கேட்டு வாங்கித் தின்னாங்க. அன்னிக்குச் சொன்னதைக் கேட்டா, "நானா சொன்னேன் அம்மணி?"ன்னு சிரிப்பாங்க. மாசாமாசம் செக்கப்புக்கு வந்தா வாய் ஓயாம பேசுவாங்க. நான் பிரஷர் பாக்கக் கிட்டப் போனா மட்டும், பேச்சு அது பாட்டுக்குப் போயிட்டிருக்கும், ரெண்டு தோளும் தானா ஒடுங்கும். அது அவங்களுக்கே தெரியாதுங்க.