கேட்டைச் சாத்தும் கடமை

வேல்ஸின் மஹன்லெத் ஊரில் தபால் இட்வல் என்றால்தான் ஆளைத் தெரியும். இட்வல் பியூ என்று கேட்டால் அவர் மனைவி நெஸ்டாவே ஒரு கணம் யோசிப்பாள். நடந்தும் வேனிலுமாக முப்பது வருடம் தபால் கொடுத்தவர். நாட்டின் வடமுனையிலிருந்து தென்கரைவரை மலையேறிப் போகும் நெடுந்தூரச் சைக்கிள் வழியில் ஒன்பது மைலுக்குச் சம்பளமில்லாத காவலராகவும் இருந்தார். செம்மறிகள் முதுகைத் தேய்த்துத் திருப்பிவிடும் வழிகாட்டிப் பலகைகளை நேராக்குவார். எந்த வளைவில் பிரேக்கை நம்பக் கூடாது என்று ஜெர்மனியிலிருந்து வந்தவர்களுக்குக்கூடப் பாடம் எடுத்தார்.

அவருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது.

இதில் மோசடி ஏதும் இல்லை. யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவர் பிறந்த பண்ணையில் சைக்கிளை நிறுத்தும் அளவுக்குக்கூடச் சமதரை கிடையாது.

காவலராகி இருபது வருடம் முடிந்ததும் சைக்கிள் வழிச் சங்கம் கடிதம் போட்டது: கணவாய் உச்சியில் உள்ள வழிகாட்டிக் கம்பத்தில் அவர் பெயர்ப்பலகை வைக்கப்படும், அன்று எல்லாரும் அவரோடு சைக்கிளில் மலையைக் கடப்பார்கள்.

"உண்மையச் சொல்லிடேன்யா" என்றாள் நெஸ்டா.

"இருபது வருஷம் கழிச்சா? புதன்கிழமைச் சந்தையில நான் தலை காட்ட வேணாமா?"

"அப்ப ஓட்டக் கத்துக்க."

"விழுந்தா எலும்பு முறியும்டி."

"முறிஞ்ச எலும்ப ஒட்ட வைக்க ஆஸ்பத்திரி இருக்கு. போன மானத்துக்கு இல்ல. நீயே முடிவு பண்ணு."

அவர் மூன்றாவதாக ஒன்றை முடிவு செய்தார். பக்கத்து வீட்டு நெட்டையனின் சைக்கிளை இரவல் வாங்கி, எல்லாரும் ஏற்றத்தின் அடிவாரத்திலேயே கூடலாம் என்று சொல்லி அனுப்பினார்.

கணக்கு தப்பவில்லை. அந்த ஏற்றத்தின் முதல் வளைவிலேயே அவரையும் சேர்த்துப் பதினான்கு பேரும் இறங்கித் தள்ளினார்கள். தள்ளுவதில் தபால்காரரை யார் வெல்ல முடியும்? உச்சிக்கு முதலில் போய்ச் சேர்ந்தவர் இட்வல்தான்.

"அறுபத்தெட்டு வயசுல என்னா தெம்பு பாத்தீங்களா!" என்று சங்கத் தலைவர் வின் மூச்சிரைத்தார்.

பெயர்ப்பலகை திறந்தாயிற்று, வெல்ஷ் கேக் தின்றாயிற்று. இனி இறக்கம். வழியில் மூன்று கேட்டுகள், முதலாவது உச்சியிலேயே. குட்டி போட்ட ஆடுகளின் காலம். கடைசியில் போகிறவர் கேட்டைச் சாத்த வேண்டும் என்பது மலைச்சட்டம்.

"நீங்கல்லாம் போங்க. நான் சாத்திட்டு வரேன்" என்றார் இட்வல்.

"பாருங்கப்பா, விழா நாள்லயும் கடமை!" என்று வின் உருகிவிட்டுக் கிளம்பினார். பின்னாலேயே பதினொரு பேர் சீட்டியடித்தபடி இறங்கிப்போனார்கள்.

ஒரு பெண்மணி மட்டும் போகவில்லை. மெரரிட் வாகன், கார்டிஃபிலிருந்து வந்தவர். இந்த வழிக்கு வரைபடம் வரைந்து கையேடும் எழுதியவர்.

"நீங்க போங்க மேடம்."

"சேச்சே, இன்னைக்கு உங்க நாள். நான் சாத்துறேன்."

"இந்தத் தாழ்ப்பாள் முரண்டு பிடிக்கும். பழகின கை வேணும்."

"முரண்டு பிடிக்கும்னு கையேட்டுல எழுதினதே நான்தான்!"

ஆளுக்கொரு பக்கம் பிடித்து மரியாதை செலுத்திக்கொண்டிருக்க, திறந்திருந்த கேட் வழியாக ஏழு ஆடுகள் வெளியேறின. இருவரும் சைக்கிள்களைப் போட்டுவிட்டு அரை மணி நேரம் ஓடினார்கள். ஆடுகளை உள்ளே தள்ளி, கேட்டைச் சாத்தி, புல்லில் உட்கார்ந்தபோதுதான் கிடந்த சைக்கிள்களைச் சாவகாசமாகப் பார்க்க முடிந்தது.

"உங்க பெடல்ல கடை பிளாஸ்டிக்கே இன்னும் பிரிக்கல மேடம்."

"உங்க சீட்டு உங்க நெஞ்சு உயரத்துக்கு இருக்கு."



"எத்தனை வருஷமா மறைக்கிறீங்க?" என்றார் இட்வல்.

"வரைபடம் வரைஞ்ச நாள்லேர்ந்து. நீங்க?"

"பொறந்ததுலேர்ந்து."

இருவரும் எழுந்து சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். விழாத் தேநீர் ஆறி இரண்டு மணி நேரம் கழித்து ஊர்க்கூடத்துக்குள் நுழைந்தவர்களை வின் கவலையோடு விசாரித்தார். "அந்த இறக்கத்துல அனுபவசாலிங்க யாரும் ஓட்ட மாட்டாங்க" என்றார் மெரரிட், கண் இமைக்காமல். ஓட்டி வந்த பன்னிரண்டு பேரும் தலைகுனிந்தார்கள்.

கையேட்டின் அடுத்த பதிப்பில் அந்த வாக்கியம் தடித்த எழுத்தில் வந்தது. அதன்பிறகு அங்கே இறங்கித் தள்ளாமல் பறக்கிறவர்களை நிறுத்தி, புத்தகம் படிக்கிற பழக்கமே இல்லையா என்று இட்வல் கண்டிக்கத் தொடங்கினார்.