பன்னிரண்டு அடிக் கதவு

1. டேப் பிடித்தவர்

கல்முனையில் முப்பத்தைந்து வருடமாக மரத்தில் பூ வெட்டிப் பிழைக்கிற ஓடாவி நான். கதவு, கட்டில் தலைமாடு, அலுமாரி முகப்பு என்று எத்தனையோ செய்திருக்கிறேன். வாங்க வருகிறவர்கள் தடவிப் பார்ப்பார்கள், "மாஷா அல்லாஹ்" என்பார்கள், பிறகு விலையைக் குறைக்கச் சொல்வார்கள். என் வேலையின் மேல் டேப் பிடித்து, போனில் கல்குலேட்டரையும் திறந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் ஓய்வுபெற்ற நீர்ப்பாசன ஓவசியர். வாய்க்கால் அளந்து பழகிய மனிதர். அன்று அளந்தது, ஒரு மேசையில் அடங்கக்கூடிய மரவீட்டை.

"கதவு ஆறு இஞ்சி. அரை இஞ்சி ஒரடி எண்டா, பன்னிரண்டடி வருது," என்றார். "நல்லாரிக்கி. பன்னிரண்டடிக் கதவு இந்த ஊருல ஆருக்கிட்டயும் இல்ல."

அந்த வீட்டைச் செய்தவன் நான். கதவு ஏழடியாக இருக்க வேண்டும், பிழை என்னுடையது. கலியாணம் பேசக் கூடிய சபையில் பத்துப் பேர் என் வேலையைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

2. அந்த வீடு எதற்கு?

எங்கள் பக்கத்தில் கலியாணம் என்றால் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறுவார். "சீதனமெல்லாம் நாங்க கேக்கிறல்ல" என்று சொல்லி முடித்த அதே மூச்சில், எத்தனை பாத்ரூம் என்று விசாரிக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. வயல்காரரான ஆதம்லெவ்வைப் போடியாரின் மகள் சிபானாவுக்கு வந்த சம்பந்தமும் அந்த ரகம்தான். மாப்பிள்ளை கட்டாரில் வேலை. ஓவசியர் அவருடைய தாய்மாமன். போடியாரிடம் வளவு இருந்தது, அத்திவாரமும் போட்டிருந்தது. வீடுதான் இல்லை.

போடியார் என் பட்டறைக்கு பிளானோடு வந்தார்.

"கொம்பியூட்டர் படத்த இப்ப ஆரும் நம்புறல்ல ஓடாவியார். எல்லா வீட்டுப் படமும் ஒரே மாதிரித்தான் இரிக்கி. நீங்க மரத்துல சின்னதாச் செஞ்சி தாங்க. தொட்டுப் பாக்கட்டும்."

தேக்கில் செய்யச் சொன்னார். தேக்கு பெரிய கதவுக்குத்தான் ராசா. சின்ன வேலையில் அதன் துவாரமெல்லாம் அம்மைத் தழும்பு போலத் தெரியும். நான் மஞ்சட்கடம்பு எடுத்தேன். குடைக்கம்பியைத் தேய்த்து மூன்று ஊசி உளி செய்துகொண்டேன். மாடிக் கைப்பிடிக்கு முப்பத்திரண்டு தூண், ஒவ்வொன்றும் தீக்குச்சி மொத்தம். கூரை ஓரத்துக்கு ஃப்ரெட்சோ வாளால் அறுத்த பூப்பலகை. தும்மல் வந்தால் எழும்பி வெளியே போய்த் தும்மினேன்.

வாசல் கதவில்தான் வந்தது வினை. அளவுப்படி அது மூன்றரை அங்குலம். அதற்குள் என் கொடியும் பூவும் அடங்கவில்லை. இரண்டு கதவு வெட்டி எறிந்தேன். கொடியைக் குறைத்திருக்கலாம். ஆனால் என் பெயர் சொல்லும் கொடியல்லவா அது! கதவை ஆறு அங்குலத்துக்கு உயர்த்தினேன். கதவு உயர்ந்ததும் மேல்தட்டு இடித்தது, அதையும் உயர்த்தினேன். வாணிஸ் பூசி முடித்தபோது பார்க்க அரண்மனை. வட்ஸ்அப்பில் படம் கட்டாருக்குப் போனது.

3. மரம் எங்கே எடுக்கலாம்?

ஓவசியர் அளந்து போய் நாலாம் நாள், போடியார் மறுபடியும் வந்தார். முகம் வாடியிருந்தது.

"பன்னிரண்டடிக்கு முதிர மரம் எங்க எடுக்கலாம் ஓடாவியார்? ஓவசியர் அளந்தபடியே வேணுமாம். சுவர உசத்தணும், தட்ட உசத்தணும். மேசன் கணக்குச் செல்லிட்டான். வட்டையில ரெண்டேக்கர விக்கப் போறன்."

தண்ணீர் தவறாத வயல் அது. அவர் குடும்பம் சோறு தின்பது அதில்தான். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது, "பாப்பம்." ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன்: அந்தப் பன்னிரண்டடிக் கதவை வெட்டும் ஓடர் எனக்குத்தானே வரும். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது.

4. காட்டினது காட்டினதுதான்

அடுத்த வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு, நாள் குறிக்க அவர்கள் போடியார் வீட்டுக்கு வந்தார்கள். நானும் போனேன். பலகாரம் வரும் முன்பே சொல்லிவிட்டேன்.

"கதவு அளவு என்ட பிழை. பிளான்ல ஏழடிதான். பூ அடங்கல்ல எண்டு நான்தான் உசத்தினன்."

போடியார் என்னைப் பார்த்த பார்வையில் கோபமும் இருந்தது, மூச்சு வந்த நிம்மதியும் இருந்தது. ஓவசியர் அசையவில்லை.

"பிழையோ சரியோ, காட்டினது காட்டினதுதான். மாப்பிள்ள கூட்டாளிமாருக்கெல்லாம் படத்த அனுப்பிட்டாரு. இனி ஏழடி எண்டா அவருக்கு மரியாதயா?"

போடியார் தலையைக் குனிந்தார். "செரி. பன்னிரண்டே வெப்பம்," என்றார்.

அப்போதுதான் சிபானா உள்ளேயிருந்து வந்தாள். பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவள். அதுவரை அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை, நான் உட்பட. மேசையிலிருந்த மரவீட்டை இரண்டு கையாலும் தூக்கி, ஓவசியரின் மடியில் வைத்தாள்.

"காட்டின வீடு இதுதான் மாமா. கதவு இரிக்கி, தட்டு இரிக்கி, கைப்பிடியில முப்பத்திரெண்டு தூணும் இரிக்கி. எண்ணிப் பாருங்க. மாப்பிள்ளைய இதுக்குள்ளயே குடி வெச்சிக்கிங்க."

"புள்ள!" என்று போடியார் எழும்பினார்.

"வயல விக்க வேணாம் வாப்பா," என்றாள்.

சம்பந்தம் அத்தோடு முறிந்தது. ஓவசியர் ரோசத்தோடு எழும்பிப் போனார். ஆனால் வீட்டைக் கீழே வைக்கவில்லை, கையோடு கொண்டுபோய்விட்டார். இப்போது அவருடைய ஷோகேசில் இருப்பதாகக் கேள்வி.

5. இளையவர்களுக்கு

போடியார் என்னோடு இரண்டு மாதம் கதைக்கவில்லை. வயல் அவரிடமே இருக்கிறது. ஏழடிக் கதவோடு வீடும் எழும்பிவிட்டது. கொடியில்லாத வெறுங்கதவு. சிபானா கேட்டது அப்படித்தான்.

தம்பிமார், பிழையைக் கண்ட அன்றே சொல்லிவிடுங்கள். அன்று சொன்னால் உங்கள் மூக்கு மட்டும்தான் உடையும்.

நான் இப்போது எந்த மரவீடு செய்தாலும் முதலில் ஒரு குச்சியை வெட்டி வாசலில் நிறுத்துகிறேன். உருவம் செதுக்குவது எங்களுக்கு ஆகாது, அதனால் தலையில்லை, முகமில்லை. உயரம் மட்டும் ஐந்தடி இரண்டு அங்குலம், அரை அங்குலம் ஓரடி என்ற அளவுப்படி. அந்தக் குச்சிக்குப் பொருந்தாத கதவு அடுப்புக்குப் போகும்.

வருகிறவர்கள் கேட்பார்கள்: "இது என்ன ஓடாவியார்?"

"வீட்டுக்காரி," என்பேன்.

"அத ஒருக்கா எடுங்களன், போட்டோ ஒண்டு எடுக்க," என்பார்கள்.

இப்போதெல்லாம் பசை போட்டு ஒட்டிவிடுகிறேன்.