நோன்பில் நின்றுபோன காலைக் குளிசை

முன்பு லேசான பக்கவாதம் வந்ததால், இரத்தம் உறையாதிருக்க என் கணவர் காலைச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு குளிசை போடுவார். சென்ற வருட நோன்பில், காலைச் சாப்பாடுதான் இல்லையே என்று அதை நிறுத்திவிட்டார்.

"டொக்டர்ட்ட கேட்டா நோன்பே புடிக்க வேணாமெண்டுவாரு" என்று என் வாயையும் அடைத்தார்.

ஒருநாள் நோன்பு திறக்கையில் கஞ்சிக் கோப்பை அவர் கையிலிருந்து நழுவியது. வாய் கோணிப் பேச்சுக் குழறியது. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். அல்ஹம்துலில்லாஹ், அங்கே போய்ச் சேர்வதற்குள் பேச்சுத் திரும்பிவிட்டது.

"இத நிப்பாட்டவே கூடாது. நீங்க நோன்பு தொறந்த பொறகு போட்டிருக்கலாமே!" என்றார் டொக்டர்.

"அவ்வளவுதானா?" என்றார் இவர். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

இந்த வருடம் பிறை பார்க்குமுன்பே டொக்டரைப் பார்த்துவிட்டோம். கஞ்சி குடித்ததும் குளிசை. அதை அவர் விழுங்கும்வரை அவருக்குப் பிடித்த ரோல்ஸ் பலகாரத் தட்டு என் மடியில்தான்.