புலி உறுமியபோது திரும்பாத குழந்தை

ஓசூரில் ஒரு குழந்தைகள் மருத்துவரின் கிளினிக்கில் நான் வேலை பார்க்கிறேன். எடை பார்ப்பது, உயரம் அளப்பது, ஊசி போடும்போது குழந்தையின் காலை அசையாமல் பிடித்துக்கொள்வது, இவைதான் என் வேலை. பிரசவ விடுப்பு முடிந்து நான் திரும்பி வந்த சமயத்தில் டாக்டரம்மா புதிதாக ஒன்றைத் தொடங்கியிருந்தார். தடுப்பூசிக்கு வரும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு படப்புத்தகம். தொழிற்பேட்டையில் வேலை செய்யும் சிலர் சேர்ந்து புத்தகங்களை வாங்கித் தந்தார்கள். தமிழில் சில, கன்னடத்தில் சில, தெலுங்கில் சில. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்திருப்பவர்களுக்காக எழுத்தே இல்லாத, வெறும் படங்கள் மட்டும் உள்ளவையும் இருந்தன.

புத்தகத்தைக் கொடுத்து, எப்படிக் காட்டுவது என்று பெற்றோருக்குச் சொல்லித் தருவது என் பொறுப்பாயிற்று. குழந்தையை மடியில் உட்கார வைக்க வேண்டும். படத்தைத் தொட்டுப் பேச வேண்டும். படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கதையை நீங்களே கட்டிச் சொல்லலாம். உத்தனப்பள்ளியிலிருந்து வந்த ஒரு விவசாயி புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினார்.

"இன்னும் பல்லே மொளைக்கல, இதுக்கு எதுக்கும்மா புக்கு? சத்து டானிக் எதனா எழுதிக் குடுக்கச் சொல்லுங்க."

"இதுவும் டானிக்தாங்க. காது வழியா குடுக்கறது" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார். அந்தப் பதில் எனக்குப் பிடித்துப்போய், பிறகு எல்லோரிடமும் அதையே சொல்ல ஆரம்பித்தேன்.

சனிக்கிழமை காலைகளில் காத்திருப்பு அறையில் ஒரு பாயை விரித்து, வந்திருக்கும் குழந்தைகளுக்கு நான் கதை படிப்பேன். எனக்குக் கொஞ்சம் கட்டைக்குரல். பூதம், கரடி, புலி எல்லாம் நன்றாக வரும்.

என் வீடு மூக்கண்டப்பள்ளியில், லைன் வீடுகளில் ஒன்று. கணவர் ஒரு மெஷின் ஷாப்பில் ஆபரேட்டர். நாள் முழுக்க இயந்திரச் சத்தத்தில் நிற்பதால் வீட்டிலும் கத்தித்தான் பேசுவார். பகலில் மகளைப் பார்த்துக்கொண்டது பக்கத்து வீட்டு அக்கா. தளிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த கன்னடக்காரர். அவருக்குப் பிள்ளை இல்லை. என் மகளை "மகு, மகு" என்று கூப்பிட்டுக்கொண்டு, இடுப்பிலிருந்து இறக்கவே மாட்டார். மகு என்றால் கன்னடத்தில் குழந்தை.

மகளுக்கு இரண்டு வயது தாண்டியும் ஒரு வார்த்தை வரவில்லை. மாலையில் வீட்டுக்கு வந்ததும், கிளினிக்கில் ஊருக்கெல்லாம் சொல்வதை அப்படியே செய்வேன். மடியில் வைத்துப் புத்தகத்தைத் திறப்பேன். அவள் படத்தைப் பார்ப்பாள், நிமிர்ந்து என் வாயைப் பார்ப்பாள், பிறகு தாளைக் கடிப்பாள். பிடுங்கினால் தலையைப் பின்னால் எறிந்து அழுவாள். மறுநாள் கிளினிக்கில் யாராவது ஒரு தாய் வந்து, "சிஸ்டர், இவன் நீங்க குடுத்த புக்கைப் பாத்து 'மாடு'ன்னு சொல்றான்" என்பாள். நான் அந்தக் குழந்தையின் கன்னத்தைத் தட்டிக் கொடுப்பேன். உள்ளே வயிறு எரியும். அந்தக் குழந்தையின் மேல் அல்ல, யார் மேல் என்று தெரியாத எரிச்சல்.

"ஏன் இப்படிப் பயந்துக்கினு இருக்க? எங்க சித்தப்பா நாலு வயசுலதான் பேசுனாரு. இப்ப அவரு வாயை மூட முடியுதா?" என்பார் கணவர். நாங்கள் தமிழ், பக்கத்தில் கன்னடம், எதிரே தெலுங்கு, மாடியில் இந்தி, குழந்தை குழம்பிப்போயிருக்கிறது என்றும் அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். காதைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கதவை ஓங்கிச் சாத்தினால் திரும்பிப் பார்ப்பாள். லாரி போனால் ஜன்னலுக்கு ஓடுவாள்.

ஒரு சனிக்கிழமை, அக்கா சொந்தக்காரர் கல்யாணத்துக்குத் தளிக்குப் போய்விட்டார். கணவருக்குக் காலை ஷிப்ட். வேறு வழியில்லாமல் மகளைக் கிளினிக்குக்கே தூக்கிக்கொண்டு போனேன்.

பாயில் குழந்தைகள் உட்கார்ந்திருந்தார்கள். என் மகள் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து யாருடைய செருப்பு வாரையோ இழுத்துக்கொண்டிருந்தாள். காட்டுக்குள் முயல் போகிறது, புதருக்குப் பின்னால் என்னவோ அசைகிறது, நான் குரலைத் தாழ்த்தினேன். பக்கத்தைப் புரட்டிப் புலியாக உறுமினேன். பாயில் இருந்த அத்தனை குழந்தைகளும் தூக்கிப் போட்டதுபோல் துள்ளின. ஒன்று தாயின் மடிக்கு ஓடியது. என் மகள் செருப்பு வாரை இழுத்துக்கொண்டிருந்தாள்.

மறுபடி உறுமினேன். பெரியவர்கள் சிரித்தார்கள். இன்னும் பக்கத்தில் போய், அவள் தலைக்குப் பின்னால் குனிந்து, தொண்டை கிழிய உறுமினேன். ஒரு குழந்தை அழத் தொடங்கியது. அதன்பின் யாரும் சிரிக்கவில்லை. நான் நிறுத்தவில்லை. உறுமல் எப்போது வெறும் கத்தலாக மாறியது என்று எனக்குத் தெரியாது. அவள் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தேன் என்று பிறகு சொன்னார்கள்.

டாக்டரம்மா அறையிலிருந்து வெளியே வந்தார். ஊசி வைக்கும் எவர்சில்வர் தட்டை எடுத்து, மகளின் பின்னால் பிடித்து, கத்தரிக்கோலால் அடித்தார். அவள் அசையவில்லை. பிறகு காலால் தரையை ஓங்கி மிதித்தார். உடனே திரும்பிப் பார்த்தாள்.

"தரை அதிர்றது தெரியுதும்மா. சத்தம் தெரியல" என்றார். சொல்லிவிட்டு என் பக்கத்தில் பாயிலேயே உட்கார்ந்துவிட்டார்.

வீட்டில் கணவர் நம்பவில்லை. சாப்பாட்டுத் தட்டை அவள் முதுகுக்குப் பின்னால் கீழே போட்டார். திரும்பினாள். "பாத்தியா? பாத்தியா?" என்றார். தட்டைக் கையில் தூக்கிப் பிடித்துக் கரண்டியால் அடியுங்கள் என்றேன். அடித்தார். எதிர்வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். அவள் பொம்மையின் கையைத் திருகிக்கொண்டிருந்தாள். அவர் இன்னும் சில தடவை அடித்துவிட்டு, தட்டை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் போய் உட்கார்ந்தார்.

பரிசோதனைக்குப் பெங்களூருக்குப் போனோம். தூங்கும்போதுதான் செய்ய முடியும் என்பதால் மருந்து கொடுத்துத் தூங்க வைத்தார்கள். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் வயர்களை ஒட்டி, கம்ப்யூட்டரில் ஓடும் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு காதுமே கேட்கவில்லை, பிறவியிலேயே என்றார்கள். பிறந்தபோதே பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்றும் சொன்னார்கள். அவள் பிறந்த இடத்தில் அந்தச் சோதனை இல்லை. இருக்க வேண்டும் என்று எனக்கும் தெரியாது. திரும்பும் பஸ்ஸில் அத்திப்பள்ளி தாண்டியதும் கணவர் வாயைத் திறந்தார். எப்போதும் கத்திப் பேசும் மனிதர் அன்று, "அப்ப நாம கூப்பிட்டது எதுவுமே..." என்று மெல்லத் தொடங்கி, முடிக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்கும் அதே நினைப்புத்தான். இத்தனை மாதம் யாருக்குப் படித்தேன்? காது வழியாகக் கொடுக்கிற டானிக் என்று எல்லோரிடமும் சொன்னேனே, அந்தப் பேச்சை நினைத்தாலே உடம்பு கூசியது.

"மேடம், இனிமே சனிக்கிழமை என்னால படிக்க முடியாது" என்றேன் டாக்டரம்மாவிடம். சமாதானம் சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"சரிம்மா. வேணாம்" என்றார், அவ்வளவுதான்.

தடுப்பூசிக்கு வரும் ஒரு குழந்தையின் அம்மா, எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை பார்ப்பவர், தானே முன்வந்து படிக்கத் தொடங்கினார். நான் உள்ளே எடை மெஷின் பக்கத்தில் நிற்பேன். கதவுக்கு அந்தப் பக்கம் குழந்தைகள் கத்திச் சிரிப்பது கேட்கும். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு நின்ற நாட்கள் உண்டு.

காதில் மாட்டும் மெஷின் வந்தது. மாட்டினால் பிடுங்கி எறிந்தாள். ஒருமுறை துணி ஊறிய பக்கெட்டில் போட்டுவிட்டாள். போட்டுக்கொண்டிருந்த நேரத்திலும் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. பேச்சுப் பயிற்சிக்குக் கிருஷ்ணகிரி போய் வந்தோம். பயிற்சி தரும் பெண் வயதில் சின்னவர், ஆனால் எதையும் மறைக்கவில்லை. "இந்த மெஷின் இவளுக்குப் பத்தாதுங்க. காதுக்குள்ள கருவி வெக்கிற ஆபரேஷன்தான் பண்ணணும், சீக்கிரமா. வயசு ஏற ஏற மூளை சத்தத்தைப் பழகாம விட்டுரும்" என்றார். வீட்டிலும் புத்தகத்தை நிறுத்திவிட்டேன் என்று சொன்னதும் அவர் முகம் மாறியது. "கேக்கலன்னாலும் உங்க முகத்தைப் பாக்கறா இல்ல? படத்தைப் பாக்கறா இல்ல? அதையும் எடுத்துட்டா அவளுக்கு என்னங்க மிச்சம்?"

இப்போதைக்கு எல்லோரும் ஒரே மொழியில் பேசினால் இவளுக்குச் சுலபம் என்றும் அவர் சொன்னார். அதைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தி நின்றுவிட்டது.

"நான் மகு, மகுன்னு கூப்பிட்டுக்கினே இருந்தேனே. அதுக்கு ஒண்ணுமே கேக்கலியா?"

"இல்லக்கா."

"ஊட்டா மாடு, பா இல்லின்னு சொன்னா சாப்பிட வருமே."

"உங்க கையைப் பாத்து வந்திருக்காக்கா."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கிப் பிரித்தார். அவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. "இது நாங்க ஆனெ சொல்வோம். நீங்க?" என்றார். யானை என்றேன். "யானை" என்று வாயைப் பெரிதாகத் திறந்து சொல்லிப் பார்த்தார். ஒவ்வொரு படமாகக் கேட்டார். மறுநாளிலிருந்து அவர் அவளைத் தமிழில்தான் கொஞ்சினார். தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருந்த பாயம்மாவும் சேர்ந்துகொண்டார். அவளைக் கடைக்குக் கூட்டிப் போனால், பழத்தைத் தன் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து, "வா-ழைப்-ப-ழம். சொல்லு கண்ணு, அப்பதான் தருவேன்" என்பார். அவள் சொல்ல மாட்டாள். பாயம்மா எப்படியும் கொடுத்துவிடுவார்.

அரசுக் காப்பீட்டில் சேலத்தில் ஆபரேஷன் நடந்தது. ஒரு பக்கத் தலையை மழித்திருந்தார்கள். தையல் ஆறிய பிறகு வெளியே மாட்டும் கருவியைப் பொருத்தி முதல் தடவை அதை இயக்கினார்கள். அவள் சிரிப்பாள், எங்களைத் திரும்பிப் பார்ப்பாள் என்றெல்லாம் நினைத்துக்கொண்டு போயிருந்தோம். அவள் பயந்துபோய் அலறினாள். தன் அலறலே காதில் விழ, இன்னும் பயந்து, தலையை என் வயிற்றில் முட்டினாள். கணவர் எழுந்து வெளியே போய்விட்டார். "அழறது நல்லதுதாங்க. கேக்குதுன்னு அர்த்தம்" என்றார்கள். எனக்கு நல்லதாகத் தெரியவில்லை. குழந்தையைக் கொண்டுபோய்ச் சித்திரவதை செய்கிறோமோ என்றுதான் இருந்தது.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள்தான் மோசம். முன்பாவது காரணம் இருந்தது. இப்போது எல்லாம் செய்தாகிவிட்டது, அப்படியும் வார்த்தை இல்லை. சத்தத்துக்குத் திரும்பினாள், அவ்வளவுதான். நாய் குரைப்பதும் நான் கூப்பிடுவதும் அவளுக்கு ஒன்றுதான். நான் சனிக்கிழமைப் பாய்க்குத் திரும்பினேன். மனம் தேறி அல்ல, பயிற்சிப் பெண் அவளை மற்றக் குழந்தைகளோடு உட்கார வைக்கச் சொன்னதால். எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி அம்மா அவளை முன்னால் உட்கார வைத்து, கண்ணைப் பார்த்துப் படித்தார். மற்றத் தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டார்கள். அவள் தலையில் ஒட்டியிருக்கும் கருவியின் வட்டத்தைப் பிள்ளைகள் தொட்டுப் பார்த்தன.

ஒருநாள் கிருஷ்ணகிரியிலிருந்து திரும்பும் பஸ்ஸில் யாரோ ரோஜா மூட்டையை எங்கள் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அவள் அதைத் தொட்டு, "ஊ" என்றாள். பூ என்றுதான் சொன்னாளா, வெறும் மூச்சா? "என்ன கண்ணு? என்ன சொன்ன?" என்று கேட்டுக்கொண்டே வந்தேன். அவள் தூங்கிவிட்டாள். கணவரிடம் சொல்லவில்லை, இல்லையென்று ஆகிவிட்டால் என்ன செய்வது. அடுத்த வாரம் அக்கா மல்லிகை கட்டிக்கொண்டிருந்தபோது மறுபடி சொன்னாள், இந்த முறை உதட்டைக் குவித்து. அக்கா பூவைக் கீழே போட்டுவிட்டு என்னைக் கூப்பிட ஓடிவந்தார்.

இப்போது அவளுக்கு நான்கு வயது தாண்டிவிட்டது. விரல் விட்டு எண்ணக்கூடிய வார்த்தைகள் இருக்கின்றன. வெளியாட்களுக்கு அதில் பாதி புரியாது. அங்கன்வாடியில் மற்றப் பிள்ளைகள் பாட்டுப் பாடும்போது இவள் கையை மட்டும் ஆட்டுகிறாள். ஒரு பள்ளிக்கூடத்தில், "அடுத்த வருஷம் பாக்கலாங்க" என்றார்கள். அடுத்த வருடம் எப்படி இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கேட்பதையே நிறுத்திவிட்டேன். கிளினிக்கில் இப்போது புத்தகம் கொடுக்கும் முன் ஒவ்வொரு குழந்தையின் பின்னாலும் கிலுகிலுப்பையை ஆட்டிப் பார்க்கிறேன். டானிக் என்று யாரிடமும் சொல்வதில்லை.

நேற்று மாலை படித்துக்கொண்டிருந்தபோது நடுவில் கருவியின் பேட்டரி தீர்ந்துவிட்டது. எனக்குத் தெரியாது, நான் படித்துக்கொண்டே போனேன். அவள் நிமிர்ந்து என் வாயைப் பார்த்தாள். முகம் கோணிற்று. தலையில் இருந்த வட்டத்தைத் தட்டிக் காட்டி அழத் தொடங்கினாள். முன்பெல்லாம் இதே நிசப்தத்தில்தான் செருப்பு வாரை இழுத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தாள். இப்போது அது அவளுக்குத் தாங்கவில்லை. நான் அவசரமாகப் பேட்டரியை மாற்றப் போனேன். கை தவறி ஒன்று கட்டிலுக்கு அடியில் உருண்டு போயிற்று. அவள் விக்கிக்கொண்டே காத்திருந்தாள். நாங்கள் விட்ட பக்கத்தில் அவள் விரல் இருந்தது.