நாலாவது ஆளாக ஒரு கல்

பத்தொன்பது வருடமாக லண்டனில் பஸ் ஓட்டுகிறேன். பேய், ஆவி என்று யாராவது கதை தொடங்கினால் எழும்பித் தேத்தண்ணி போடப் போய்விடுகிற ஆள் நான், எங்கள் வீட்டுக்கு வந்து போகிற எல்லாருக்கும் அது தெரியும். ஆகவே நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

போன வருடம் ஜூன் மாதம். என் மனைவி வசந்தியின் தம்பி சிவாவுக்கு இதய வால்வு மாற்ற ஒப்பரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். லண்டனிலேயே லூயிஷாமில் தனியாக இருக்கிறான், கல்யாணம் கட்டவில்லை, தாய் தகப்பன் போன பிறகு வசந்திதான் அவனை வளர்த்தது. ஒப்பரேஷனுக்கு முதல் ஸ்கொட்லாந்தில் இருக்கிற ஸ்கை தீவை ஒருமுறை காரில் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று கேட்டான். கடைசி ஆசை மாதிரிக் கேட்கிறானே என்று வசந்தி குசினிக்குள் அடுப்படியில் நின்று அழுதாள். நான் லீவு கிடைக்குமா என்பதைப் பற்றித்தான் பேசினேன்.

போகிறது மூன்று பேர். எங்கள் ஆட்கள் ஒரு காரியத்துக்கு மூன்று பேராகப் புறப்பட மாட்டார்கள், அப்படிப் போகத்தான் வேண்டுமென்றால் ஒரு கல்லை நாலாவது ஆளாகக் கூட்டிக்கொண்டு போவார்கள். வசந்தி தோட்டத்தில் ஒரு கல்லைப் பொறுக்கி, கழுவி, மஞ்சள் தடவிக் கைப்பைக்குள் வைத்தாள். விமான நிலையத்தில் பையைக் கிளறுகிறவனிடம் இவர் எங்களோடு வருகிறவர் என்று விளக்கம் சொல்ல என்னால் முடியாது. அவளுக்குத் தெரியாமல் அதை எடுத்துச் சப்பாத்துத் தட்டுக்குப் பின்னால் போட்டுவிட்டேன். எல்லாம் அங்கேதான் தொடங்கியது.

இன்வர்னஸில் இறங்கி, வாடகைக் கார் எடுத்து, பாலம் தாண்டித் தீவுக்குள் போய்க் கடலோரமாக ஒரு இடத்தில் படம் எடுக்க நிறுத்தினோம். அப்போதுதான் வசந்தி பையைத் திறந்து பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, கல்லைக் காணேல்லை. வச்சனான், எனக்கு நல்ல ஞாபகம்."

"விட்டிட்டு வந்திருப்பீர். இப்ப என்ன, மூண்டு பேரும் உயிரோடைதானே நிக்கிறம்."

சொன்ன பிறகுதான் என் வாயை நானே நொந்துகொண்டேன். அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். தெருவோரப் புல்லுக்குள் இடுப்பளவு உயரத்துக்குக் கற்களைக் குவித்திருந்தார்கள், அதிலிருந்து தேங்காய் அளவில் ஒன்றை எடுத்து வந்து பின் சீட்டில், எனக்கு நேர் பின்னால், சிவாவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"தம்பி, இவருக்கும் பெல்ட்டைப் போட்டு விடு."

"போட்டாச்சு அக்கா. ஆள் நல்லாக் குளிர்ந்துபோய் இருக்கிறார்."

மூன்று பேரும் சிரித்தோம். அந்தப் பயணத்தில் நான் மனம்விட்டுச் சிரித்தது அதுதான் கடைசி.

மத்தியானம் ஒரு சின்னத் தேத்தண்ணிக் கடையில் நாலு கோப்பை வந்தது. மூன்று பேர்தான் என்றேன், கொண்டு வந்த பிள்ளை மன்னிப்புக் கேட்டு ஒன்றைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனது. பின்னேரம் தங்குகிற வீட்டுக்காரி சாப்பாட்டு மேசையில் நாலு தட்டு வைத்திருந்தாள். பதிந்ததும் மூன்று பேர், வந்ததும் மூன்று பேர். பிழை எல்லாருக்கும் வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் இன்னொன்றும் நடந்தது. நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிற சிவா அன்று மாடிக்குப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு ஏறிப் போனான்.

அடுத்த நாள் காலை பெட்ரோல் அடித்துக்கொண்டு நின்றேன், மற்ற இருவரும் கடைக்குள் போயிருந்தார்கள். அங்கே நின்ற கிழவர் ஒருவர் பின் சீட்டில் பெல்ட் போட்டிருந்த கல்லைக் குனிந்து பார்த்துவிட்டு எங்கே எடுத்தாய் என்று கேட்டார். சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை, முகம் மட்டும் மாறிவிட்டது. கடலுக்குப் போய்த் திரும்பி வராதவர்களுக்காக அந்த ஊர்க்காரர் வைத்த குவியலாம் அது. ஆளுக்கொரு கல். உடல் கிடைக்காதவர்களுக்கு அதுதான் கல்லறை என்றார்.

பிழைப்பானோ என்று நாங்கள் பயந்துகொண்டிருக்கிற ஒருவனுக்குப் பக்கத்தில் செத்த ஒருவரைக் கட்டி வைத்து ஊர் சுற்றுகிறோம். வசந்திக்குச் சொன்னால் அங்கேயே விழுந்துவிடுவாள். ஆகவே இருவரையும் கடற்கரையில் கிடந்த மர வாங்கு ஒன்றில் இருத்தி, ரயருக்குக் காற்று அடித்துக்கொண்டு வருகிறேன் என்று போய், கல்லைக் குவியலில் வைத்துக் கும்பிட்டேன். கோயிலில்கூட நான் அப்படிக் கும்பிட்டதில்லை.

திரும்பி வந்து மூவருமாக எதிரே இருந்த தேத்தண்ணிக் கடைக்குள் போனோம். வாசலில் இரண்டே படி, சிவா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று ஏறினான், உதடு நீலம் பூத்திருந்தது. மேசைக்கு வந்த பெண் எனக்கு ஒரு கோப்பை, வசந்திக்கு ஒரு கோப்பை வைத்துவிட்டுத் திரும்பினாள். சிவா தனக்கும் ஒன்று என்றதும் திடுக்கிட்டுப் போனாள். நீங்கள் இருந்ததை நான் பார்க்கவே இல்லை என்றாள். அவள் ஒரு கை தூரத்தில்தான் நின்றாள்.

கல் போன கையோடு சிவாவும் எண்ணிக்கையில் இல்லாமல் போகிறானோ என்று அந்த நேரம் வந்த பயத்தைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. கண்ணாடியை எங்கேயோ விட்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டு ஓடினேன். என் கண்ணாடி என் மூக்கில்தான் இருந்தது.

குவியலடிக்குப் போகும்போது கடலில் இருந்து பனிப்புகார் மூட்டமாக ஏறி வந்துவிட்டது. காலையில் எந்த இடத்தில் வைத்தேன் என்று நன்றாக நினைவிருந்தது, ஆனால் அந்த இடத்தில் ஒரே அளவில், ஒரே நிறத்தில் ஐந்தாறு கற்கள். ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். கடைசியில் ஒன்றை எடுத்தேன். "வாங்கோ, பிழையெண்டால் மன்னியுங்கோ" என்று வாய்விட்டுச் சொன்னதும் நான்தான். அதே சீட்டில் வைத்து பெல்ட்டைப் போட்டேன்.

அந்தத் தீவில் பாதை ஒரு கார் அகலம்தான், ஒதுங்கி வழி விட்டவருக்குக் கை உயர்த்திவிட்டுப் போவது அங்கத்தைய மரியாதை. தனியாகக் கடைக்குத் திரும்பும் வழியில் நான் வழிவிட்ட வான்காரன் எனக்குக் கை உயர்த்தினான். பிறகு மெதுவாக என்னைக் கடந்தபோது பின் சீட்டைப் பார்த்தும் ஒருமுறை உயர்த்தினான். நான் காரின் உள் கண்ணாடியில் பார்க்கவில்லை. பஸ்காரன் நான், கண்ணாடியில் ஆள் எண்ணுவது என் தொழில், அன்று எண்ண மனம் வரவில்லை.

அன்று பின்னேரமும் நாலு தட்டு. வசந்தி திருப்பி அனுப்பப் போக நான் தடுத்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, உண்மையைச் சொல்கிறேன்.

ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. சிவா இப்போது வேலைக்குப் போகிறான். தன்னோடு வந்தவரை விட முடியாது என்று அந்தக் கல்லை லூயிஷாமுக்குக் கொண்டு போய் யன்னல் ஓரத்தில் வைத்திருக்கிறான். நான் மாற்றிய கதையை யாருக்கும் சொல்லவில்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை அவனைப் பார்க்கப் போனோம். வசந்தி குசினிக்குள் நின்றாள். சிவா கதிரையை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டான்.

"அத்தான், அண்டைக்கு நீங்கள் ஆளை மாத்திப்போட்டியள், என்ன?"

நான் குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"நான் அக்காவுக்குச் சொல்லேல்லை. முதல் வந்தவர் பேசாமல் இருப்பார், பாவம். இவர் கதைக்கிறார்."

என்ன கதைக்கிறார் என்று நான் கேட்கவில்லை. அதற்குள் வசந்தி தட்டத்தோடு வந்தாள். எனக்கு ஒன்று, சிவாவுக்கு ஒன்று, தனக்கு ஒன்று வைத்தாள். நாலாவது கோப்பையை, வேறு எதையோ யோசித்துக்கொண்டு, யன்னல் ஓரத்தில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.