லொறியிலிருந்து ஜீப்புக்குப் போன எஞ்சின்

"ஒரு வண்டி எஞ்சினைத் தூக்கி இன்னொண்ணுல வச்சா, ரெண்டு வண்டிக்குப் பதில் சொல்லணும்" என்பார் ஹமீது நானா. ரெண்டு வண்டிக்கு என்றாரா, ரெண்டு சாரதிக்கு என்றாரா, சரியாக நினைவில்லை. எழுபதுகளில் பதுளைக் கடைவீதிக்குப் பின்னாலிருந்த அவருடைய கராஜில் நான் மெக்கானிக். புது எஞ்சின் எதுவும் நாட்டுக்குள் வராத காலம். ஒன்றில் கழற்றி ஒன்றில் மாட்டுவதுதான் எங்கள் பிழைப்பு. ஸ்பானர் பிடித்த யாருக்கும் வெளியே சொல்லாத ஒரு வேலை இருக்கும். என்னுடையது இது. வெளிநாட்டில் பல வருடம் உழைத்துத் திரும்பிய பிறகும் அது என்னை விட்டுப் போகவில்லை.

ஒரு சாண் குறைவு

ஸ்பிரிங்வெளிக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தை நிர்வகித்த துரைக்கு மலையேற்ற மோட்டார் பந்தயத்தில் பைத்தியம். அவரிடம் இருந்தது யுத்தகாலத்து ஜீப், நாலு சிலிண்டர். தோட்டத்து லொறியில் ஆறு சிலிண்டர். அதைக் கழற்றி ஜீப்பில் வைக்க முடியுமா என்று கேட்டார். நானா தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். நான் முந்திக்கொண்டு, முடியும் என்று இங்கிலீஷில் சொன்னேன். படித்த இங்கிலீஷைக் காட்ட எனக்கு வேறு இடம் கிடைக்கவில்லை.

லொறி எஞ்சின் ஒரு சாண் நீளம் கூடியது. ஜீப்பின் முன்பக்கத்தை வெட்டி, ரேடியேட்டரை முன்னுக்குத் தள்ளி, கியர்பொக்ஸோடு இணைக்க ஒரு தடித்த தகடு கடைந்தோம். பாரம் குறையட்டும் என்று பின் ஆசனங்களையும், சாரதிக்குப் பக்கத்து ஆசனத்தையும் பிடுங்கி எறிந்தேன். வெட்டிய உடம்பு ஆடாமலிருக்க அந்த இடத்தில் குறுக்குக் கம்பிகள் பற்றவைத்தேன். மூன்று வாரம் கழித்து நானா சுற்றிவந்து பார்த்தார். "வேலை நல்லாத்தான் இருக்கு. லொறிக்காரனுக்கு என்னத்த வச்சிருக்க?"

லொறியின் பங்கு

ஜீப்பின் பழைய எஞ்சினைத்தான் வைத்திருந்தேன். அந்த லொறிக்கு இரண்டு வேலை: தேயிலைப் பெட்டிகளை ஸ்டேஷனுக்கு இறக்குவது, நோயாளிகளைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது. இரண்டுக்கும் தொழிற்சாலையடியிலிருந்து மேல் ரோட்டுக்கு ஒரு செங்குத்து ஏற்றம் ஏற வேண்டும். பந்தயம் முடியும்வரை தாக்குப்பிடிக்குமா என்று துரை கேட்டார். தாக்குப்பிடிக்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் பந்தயத்துக்குத் தன் மெக்கானிக்காக என்னைத்தான் கூட்டிப்போவதாக அவர் அப்போதுதான் சொல்லியிருந்தார். "மெதுவா இழுக்கும் சேர்" என்றேன்.

லொறியைக் கொண்டுபோக வந்தார் சாரதி செபமாலை. ஸ்டார்ட் பண்ணிச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "தம்பி, ஆட்டுக்குட்டியக் கொண்டாந்து மாட்டுவண்டியில பூட்டியிருக்கீங்களே."

ஒத்திகை

ஜீப்பை ஓட்டிப் பார்த்த அன்று, தோட்டமே மலையோரம் நின்று பார்த்தது. துரை மேல் ரோட்டில் போய் நின்றபோதும் கீழே புழுதி அடங்கவில்லை. இறங்கிவந்து எல்லோருக்கும் முன்னால் எனக்குக் கை கொடுத்தார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். கொழுந்துக் கூடையோடு நின்ற ஒரு அம்மா பக்கத்திலிருந்தவளிடம் கேட்டது எனக்கும் கேட்டது: "இம்புட்டு அவசரமா மேல போயி என்னத்த புள்ள வாங்கப்போறாரு?"

மூன்றாவது முடக்கு

அடுத்த கிழமை, ராக்கு என்ற பெண்ணுக்குப் பிரசவ வலி. தலைப்பிள்ளை, குறுக்கே கிடக்கிறது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று தோட்டத்து மருத்துவச்சி சொல்லியிருக்கிறாள். லொறி ஏற்றத்தின் மூன்றாவது முடக்கில், அந்த வளைவிலேயே, நின்றுவிட்டது. ஆட்கள் இறங்கித் தள்ளினார்கள். ஒரு முடக்கு ஏறியது, பிறகு பின்னுக்கு உருளப் பார்த்தது. சில்லுக்குக் கல் வைத்துவிட்டு, அவளைக் கம்பளியில் படுக்கவைத்து மேல் ரோட்டுக்குத் தூக்கிப்போனார்கள். துரையின் பங்களாவில் ஜீப் சும்மாதான் நின்றது. அதில் ஆளைப் படுக்கவைக்க இடமில்லாமல் ஆக்கியது யார் என்று சொல்லத் தேவையில்லை. மேல் ரோட்டில் பஸ்ஸை மறித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது தாயைத்தான் காப்பாற்ற முடிந்தது.

பிறகொரு நாள், ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்துவிட்டு, அவள் புருஷன், சாரதி செபமாலையோடு கராஜுக்கு வந்தான். சண்டைக்குத்தான் வருகிறான் என்று நினைத்துக் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தேன். தள்ளித் தள்ளி அவன் உள்ளங்கைகள் உரிந்திருந்தன. நான்தான் அந்த எஞ்சினை மாட்டியவன் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. என் முகத்தைப் பார்த்து அவனுக்கே பாவமாகிவிட்டது போலிருக்கிறது. "லொறி மேல குத்தமில்லைங்க. ஏத்தம் அப்படிங்க."

செபமாலை கேட்டது

அவன் டீ குடிக்கப் போனதும் செபமாலை என் பக்கத்தில் வந்து நின்றார். ஏற்றம் அப்படியில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தொழிலாளர் லயத்தில் இன்னும் இரண்டு பேர் நிறைமாதம் என்றார். ஒருத்திக்கு இந்தக் கிழமையே ஆகலாமாம். பந்தயத்துக்கு நான்கு நாள் இருந்தது. துரை அன்று கண்டிக்குப் போயிருந்தார். ஜீப் கடைசிச் சோதனைக்காகக் கராஜிலேயே நின்றது.

"நீங்க இழுக்கும்னு சொன்னதாத் தொரை சொல்றாரு. சொன்னீங்களா தம்பி?"

சொன்னேன் என்றேன். வெறும் லொறியைத் தள்ளியாவது கொண்டுவரச் சொல்லிவிட்டு, ஜீப்பிலிருந்த ஆறு சிலிண்டர் எஞ்சினைக் கழற்ற ஆரம்பித்தேன்.