சம்புக்குள் கட்டிய துணிகள்

குன்னத்திலிருந்து எங்கள் ஊருக்கு மினிபஸ் விட்ட வருஷம், ஆண்டிமடத்துப் புருஷன் வீட்டிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு அத்தை வந்து இறங்கினாள். குளிக்கும்போது முதுகு தேய்க்கப் போனால், தழும்பில் படுமுன் என் கையைத் தட்டிவிடுவாள். "நடவு முடியட்டும், கொண்டுபோய் விட்டுட்டு வரேன்" என்று அப்பா சொல்லிக்கொண்டேயிருந்தார்.

எங்கே நடவு? ஏரியைச் சம்புக்கோரை தின்றுகொண்டிருந்தது. ஆளுயரம் வளர்ந்து மதகை அடைத்ததில் எங்கள் கடைமடை வயல்கள் காய்ந்தே கிடந்தன. ஊர் வருஷாவருஷம் தீ வைக்கும். சம்பு வருஷாவருஷம் கொழுத்து எழும்.

"தண்ணிக்குள்ள வெச்சு அறுக்கணும். மேல மழைத்தண்ணி நின்னா அறுத்த அடிக்கட்டை மூச்சு முட்டிச் செத்துரும்" என்றாள் அத்தை. ஏரி முழுக்க அறுக்க ஆளேது? எந்தப் பக்கம் வேகமாகப் பரவுகிறதோ, அந்தப் பக்கம் முதலில். அதை அறிய, தெருப் பிள்ளைகளான நாங்கள் அமாவாசைக்கு அமாவாசை சம்பு முடியும் இடத்தில் குச்சி நட்டு, சிவப்புச் சேலைக் கிழிசலைக் கட்டினோம்.

துணி கட்டிய குச்சியைக் கண்டால் எங்கள் ஊர் சும்மா இருக்குமா? வேண்டுதல் என்று நினைத்து, நாங்கள் போகாத கரைகளிலும் பெண்கள் சம்பின் விளிம்பில் குச்சி நட்டு மஞ்சளும் நீலமும் சிவப்புமாகக் கட்டிவிட்டார்கள்.

"எல்லாம் போச்சு அத்தே! எது எப்பக் கட்டுனதுன்னே தெரியல."

அத்தை இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள். "அடி கூறுகெட்டவளே, வேண்டிக்கிட்டவளுக்கு நாள் மறக்குமா?"

மறக்கவில்லை. குழாயடியில் கேட்கக் கேட்கக் கொட்டியது: மகள் சமைஞ்ச மறுநாளு, கெடா காணாமப் போன செவ்வாக்கெழம, மாமியா படுத்த பௌர்ணமி. கரை மணலில் ஏரியை வரைந்து துணிக்கொரு கூழாங்கல் வைத்தோம். வடகரையில் எப்போதோ கட்டியதெல்லாம் இன்னும் விளிம்பிலேயே நின்றது. மதகுப் பக்கம் போன மாசம் கட்டியதுகூடச் சம்பின் வயிற்றுக்குள் போயிருந்தது. மதகோரத்தில் ஒரு பச்சைத் துணிக்கு மட்டும் யாரும் நாள் சொல்லவில்லை.

"அது மாசி அமாவாசை. வையி கல்ல" என்றாள் அத்தை. வைத்தேன்.

ஊரே மதகுப் பக்கம் இறங்கியது. இடுப்பளவுத் தண்ணீர், கையில் அரிவாள், வாயில் கேலி. வேண்டுதல் குச்சிகளை மட்டும் யாரும் தொடவில்லை. ஐப்பசி மழை கட்டைகளை மூழ்கடித்து அழுகவைத்தது. மதகு திறந்த அன்று தண்ணீர் ஓடியது, ஓடியது, கடைமடை வரை ஓடியது. அதோடு போட்டி போட்டுக்கொண்டு நாங்களும் ஓடினோம்.

"நடவு முடிஞ்சதும் தங்கச்சியக் கொண்டுபோய்..." என்று அப்பா வாய்க்கால் கரையில் பேச்செடுத்தார்.

ஊர்ப் பெரியவர் விடவில்லை. "அதக் கொண்டுபோய் விட்டுட்டு, வடகரையில சம்பு கெளம்புனா நீயா கண்டுபுடிப்ப? ஒன் மாட்டையே ஊராங்கதான கண்டுபுடிச்சுக் குடுக்குறாங்க!"

பெண்களெல்லாம் சிரித்தார்கள். அப்பா ஓடும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு, "சரி, இங்கயே இருக்கட்டும்" என்றார்.

வேண்டுதல் பலித்தால் கட்டியவளே துணியை அவிழ்க்க வேண்டும். அன்று சாயங்காலம் அத்தை மதகோரம் நீந்திப் போய் அந்தப் பச்சைத் துணியை அவிழ்த்து, தலையில் முண்டாசாகக் கட்டிக்கொண்டு கரையேறினாள். கடைமடைத் தண்ணீருக்காகத்தான் வேண்டியிருக்கிறாள் என்று நான் ரொம்ப வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.